நெட் கனெக்‌ஷன் வாங்கும் முன்: வேகத்தைப் பார்த்து ஏமாறாமல் தேர்ந்தெடுப்பது எப்படி?

இரண்டு மாதம் ஒரு நிறுவனத்தோடு மல்லுக்கட்டினேன். சாயங்காலம் ஆனால் போதும், வீடியோ கால் திக்கும், பேசுகிறவர் முகம் பாதி வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். புகார் செய்தால் ஒரே பதில்தான்: "சார், ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்க." போட்டால் 200 மெகாபிட் வரும். பிளானிலும் 200 என்றுதான் போட்டிருக்கிறது. அதற்கு மேல் என்ன குறை சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வேகம் சொன்னபடி வந்தாலும் இணைப்பு மோசமாக இருக்கலாம் என்பது பிறகுதான் புரிந்தது.

முதல்முறை இணைப்பு வாங்குகிறவர்களுக்கும், இருப்பதை மாற்றலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தேவைப்படுவது ஒரு கணினி, ஒரு லேன் கேபிள், கொஞ்சம் பொறுமை.

படி 1: தப்பு யார் மீது என்று பாருங்கள்

ஏற்கெனவே இணைப்பு இருந்தால் இங்கிருந்து தொடங்குங்கள். புதிதாக வாங்குகிறவர்களும் படித்துவையுங்கள், கடைசிப் படியில் வேலைக்கு ஆகும்.

நெட் சரியில்லை என்று நாம் சொல்வதில் பாதி, வைஃபை சரியில்லை என்பதுதான். ரூட்டரை டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவுக்கு மேலோ வைத்துவிட்டு நிறுவனத்தைத் திட்டுவோம். கம்பெனியை மாற்றினால் புது ரூட்டரும் அதே பீரோ மேல்தான் போய் உட்காரும்.

பிரித்துப் பார்ப்பது சுலபம். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பிங் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு ரூட்டரின் முகவரியைக் கொடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ரூட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் போட்டிருப்பார்கள். அது ரூட்டருக்கு ஒரு சிறு செய்தியை நான்கு முறை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டிவிட்டு நின்றுவிடும். கடைசியில் இன்னொரு இடைவெளி விட்டு, சிறு கோடும் ஆங்கில 'டி' எழுத்தும் சேர்த்தால் நீங்களாக நிறுத்தும்வரை ஓடும். நிறுத்த கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்துங்கள்.

ஒவ்வொரு வரியிலும் 'டைம்' என்பதற்குப் பக்கத்தில் மில்லிசெகண்டில் ஒரு நேரம் வரும். வைஃபையில் 2, 3, 2, 4 என்று வந்தால் நல்லது. 3, 90, 4, 260 என்று துள்ளினால் கோளாறு உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ரூட்டரை வீட்டின் நடுப்பக்கமாக, கொஞ்சம் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் சாதனங்களை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து ரூட்டர்கள், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அந்த அலைவரிசையில்தான் இடித்துக்கொண்டு நிற்கின்றன.

அடுத்து, கணினியை லேன் கேபிளில் ரூட்டரோடு இணைத்து, இதே பிங்கை 8.8.8.8 என்ற முகவரிக்கு அனுப்புங்கள். அது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர் (இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் கணினி), அநேகமாக எப்போதும் பதில் சொல்லும். எண் சிறிதோ பெரிதோ, சீராக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். என் வீட்டில் மதியம் 12, 13, 12 என்று ஓடியது இரவு எட்டு மணிக்கு 12, 15, 480, 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' (பதிலே வரவில்லை), 310 என்று ஆனது. வைஃபையே இல்லாமல் இந்த ஆட்டம் என்றால் குற்றவாளி வெளியே இருக்கிறார். ஒன்று மட்டும் கவனம்: அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பெரிய ஃபைலை ஏற்றிக்கொண்டோ இறக்கிக்கொண்டோ இருக்கக் கூடாது. அதனாலும் எண்கள் எகிறும்.

படி 2: எவ்வளவு வேகம் வேண்டும்?

நாம் நினைப்பதைவிடக் குறைவுதான். முழு எச்டி வீடியோவுக்கு 5 மெகாபிட், 4கே-வுக்கு 15 மெகாபிட் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. ஒரே நேரத்தில் நான்கு பேர் 4கே பார்த்தாலும் 60தான். ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு 100 மெகாபிட் தாராளம். பெரிய கேம்களை அடிக்கடி டவுன்லோடு செய்கிறவர்களுக்குத்தான் அதற்கு மேல் போவதில் பலன் தெரியும்.

இதில் மெகாபிட்டையும் மெகாபைட்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 மெகாபிட் இணைப்பில் டவுன்லோடு வேகம் நொடிக்கு 12 மெகாபைட் சுற்றித்தான் காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

விளம்பரத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருப்பது அப்லோடு வேகம். வீட்டிலிருந்து வேலை, ஆன்லைன் வகுப்பு, கேமரா, போட்டோ பேக்கப் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. 'டவுன்லோடு 300' என்று கொட்டை எழுத்தில் போட்டு அப்லோடு 10 மட்டும் கொடுக்கும் பிளான்கள் உண்டு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

படி 3: வீட்டு வாசல்வரை வருவது என்ன கம்பி?

வீடுவரை ஃபைபர் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். பரவலாக இருக்கும் ஜிபான் வகை ஃபைபரில், நிறுவனத்தின் நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் மின்சாரம் தேவைப்படும் கருவியே கிடையாது. தெருவில் கரண்ட் போனாலும், வீட்டுக் கருவிகளுக்கு ஒரு சின்ன யூபிஎஸ் இருந்தால் நெட் ஓடும். கேபிள் டிவி கம்பியில் வரும் இணைப்பில் வழியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் வேண்டும், அப்லோடும் பொதுவாகக் குறைவு. தொலைபேசிக் கம்பியில் வரும் டிஎஸ்எல், எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட இளைத்துக்கொண்டே வரும்.

செயற்கைக்கோள் இணைப்பு, கம்பியே எட்டாத இடத்துக்கு. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய வகையில், ஒரு கேள்வி போய்ப் பதில் வருவதற்கே கிட்டத்தட்ட அரை நொடி ஆகிவிடும். பேச்சு ஒன்றின் மேல் ஒன்று மோதும். பூமிக்கு நெருக்கமாகச் சுற்றும் புது வகையில் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு எச்சரிக்கை: 'ஃபைபர்' என்று பெயரில் இருந்தால் மட்டும் போதாது. தெருமுனைவரை ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்குச் செப்புக் கம்பி என்று கொடுப்பவர்களும் அதே பெயரைத்தான் வைக்கிறார்கள். "வீட்டுக்குள் வரும் கம்பி எது?" என்று கேளுங்கள்.

படி 4: அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்

என்னைக் கேட்டால் எல்லாப் படியிலும் இதுதான் பெரியது. ஒரே நிறுவனம் ஒரு பகுதியில் தங்கமாக இருக்கும், அடுத்த தெருவில் மானம் போகும். நம்பகத்தன்மை என்பது கடைசி அரைக் கிலோமீட்டர் கம்பியிலும், அது அறுந்தால் ஏணியோடு வரும் ஆளிடமும்தான் இருக்கிறது. நாடு முழுக்க எடுத்த மதிப்பெண்ணில் இது தெரியாது.

ஜிபானில் ஒரு ஃபைபரின் 2.5 கிகாபிட்டை வழக்கமாக 32 அல்லது 64 வீடுகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. 32 பேரும் ஒரே நொடியில் முழுமூச்சாக இழுத்தால் ஆளுக்கு 80 மெகாபிட்கூட வராது. அப்படி நடப்பது அபூர்வம் என்ற கணக்கில்தான் எல்லோருக்கும் 200, 300 என்று விற்கிறார்கள். அங்கிருந்து வெளியே போகும் பாதையிலும் இதே கணக்குதான். நிறுவனம் அளவோடு விற்றிருக்கிறதா, ஆசைப்பட்டு விற்றிருக்கிறதா என்பது சாயங்காலம்தான் வெளிச்சத்துக்கு வரும். அதனால் அக்கம்பக்கத்தில் "நெட் எப்படி?" என்று கேட்காதீர்கள். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இப்படிக் கேளுங்கள்:

"கடைசியா எப்ப நெட் போச்சு? சரிபண்ண எத்தனை நாள் ஆச்சு?"
"ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு வீடியோ சுத்துதா?"
"கம்ப்ளெய்ண்ட் பண்ணா யார் வர்றாங்க? நீங்க கூப்பிடற நம்பர் கால் சென்டரா, நேரா லைன்மேனா?"

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் பாதி முடிவு கிடைத்துவிடும். ஒருவர் ஆப்பில் புகார் எண் போட்டுவிட்டு நான்கு நாள் காத்திருக்கிறார், இன்னொருவர் டெக்னீசியனையே கூப்பிட்டு மதியத்துக்குள் சரிசெய்துகொள்கிறார் என்றால், இரண்டாமவரின் இணைப்பு வேகம் பாதியாக இருந்தாலும் நான் அதைத்தான் வாங்குவேன். மூன்று வீட்டிலாவது கேளுங்கள். ஒருவர் மட்டும் புலம்பினால் அது அவர் வீட்டு பீரோவாகவும் இருக்கலாம்.

படி 5: விற்க வருகிறவரிடம் கேட்க வேண்டியவை

'99 சதவீதம் இயங்கும்' என்று உத்தரவாதம் சொன்னால் மயங்காதீர்கள். ஒரு சதவீதம் என்பது ஆண்டுக்கு மூன்றரை நாளுக்கு மேல். 99.9 என்றால்தான் ஒன்பது மணி நேரத்துக்குள் அடங்கும். அதைவிட, அந்தக் கணக்கு தப்பினால் பணம் கழித்துத் தருவார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு மாறும்.

'அன்லிமிடெட்' பிளானில் நியாயப் பயன்பாட்டு வரம்பு எவ்வளவு, அதைத் தாண்டினால் வேகம் எதுவரை இறங்கும்? முதல் சில மாதத் தள்ளுபடி முடிந்த பிறகு மாதக் கட்டணம் என்ன, வரியோடு சேர்த்து? ரூட்டர் யாருடையது, திருப்பிக் கொடுக்க வேண்டுமா? நடுவில் நிறுத்தினால் அபராதம் உண்டா? பதிலை மெசேஜில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வாய் நிறையச் சொன்னவர் எழுதச் சொன்னதும் தயங்கினால், அதுவே பதில்.

வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாகப் பார்ப்பது, சொந்த சர்வர் வைப்பது போன்ற வேலை இருந்தால், பொது ஐபி முகவரி தருவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. மற்றவர்கள் இதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆண்டுச் சந்தா மலிவாகத் தெரியும். முதல் தடவை மாதச் சந்தாவே எடுங்கள். மொத்தமாகப் பணம் கட்டியவரின் புகாருக்கு என்ன மரியாதை என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

படி 6: இணைப்பு வந்த முதல் வாரம்

டெக்னீசியன் கிளம்பும் முன், ஃபைபர் என்றால் சிக்னல் அளவைக் காட்டச் சொல்லுங்கள். கையில் இருக்கும் பவர் மீட்டரில் டிபிஎம் என்ற அலகில் வரும். மைனஸ் 18, மைனஸ் 20 என்று இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் கம்பி எங்கோ மடங்கியிருக்கிறது, அல்லது ஒட்டு சரியில்லை. இன்று ஓடினாலும் நாளை தகராறு செய்யும். அவர் இருக்கும்போதே சரிசெய்ய வையுங்கள். ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம். பின்னாளில் புகார் செய்யும்போது "எல்ஓஎஸ் சிவப்பா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள், "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற பாட்டு அதோடு நின்றுவிடும்.

அப்புறம் ஏழு நாள், காலை, மதியம், இரவு எட்டரை என்று மூன்று வேளை, லேன் கேபிளில் ஸ்பீடு டெஸ்டும் ஐந்து நிமிடம் பிங்கும் போட்டு ஒரு தாளில் குறித்துவையுங்கள். இரவு வேகம் பிளானில் சொன்னதில் பாதிக்கும் கீழே தொடர்ந்து இறங்கினாலோ, தினமும் பிங் தவறினாலோ, தாளைப் போட்டோ எடுத்துப் புகாரோடு அனுப்புங்கள். என் இரண்டு மாதச் சண்டை முடிந்தது இப்படித்தான். தேதியும் நேரமும் போட்ட எண்களைப் பார்த்த பிறகுதான் ஒரு ஆளை அனுப்பினார்கள். பெட்டிக்குப் போகும் ஒயரில் ஒரு பிரச்சினையும் இல்லை, எங்கள் பகுதி லைனில் அளவுக்கு மேல் இணைப்பு கொடுத்திருப்பதாக வந்தவரே ஒப்புக்கொண்டார். அன்றே வேறு நிறுவனம் பார்க்கத் தொடங்கினேன்.

நெட் இல்லாமல் பிழைப்பே நின்றுவிடும் என்றால் இரண்டாவதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு நிறுவனத்தின் கம்பியும் ஒரே கம்பத்தில் தொங்கினால், லாரி உரசும்போது இரண்டும் சேர்ந்துதான் அறும். ஒன்று கம்பி, இன்னொன்று மொபைல் டேட்டா என்று வைப்பது புத்திசாலித்தனம்.

பழைய இணைப்பை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். புதியது இந்த ஒரு வாரத்தைத் தாண்டட்டும். அப்புறம் பழைய ரூட்டரைத் திருப்பிக் கொடுத்து, பெட்டியின் சீரியல் எண் போட்ட ரசீதைக் கையோடு வாங்கி வாருங்கள். ஆறு மாதம் கழித்து ரூட்டர் எங்கே என்று போன் வரும்.