ஆன்டிவைரஸ் எச்சரித்தவுடன் அழித்துவிட வேண்டாம்

நம்பகமான இலவச மென்பொருளை ஆன்டிவைரஸ் தடுத்தால், அதை அழிக்கும் முன் சற்றுச் சோதித்துப் பார்ப்பது நல்லது. மறந்த கடவுச்சொல்லை மீட்டுத் தரும் நிர்சாஃப்ட் கருவிகளும், யூபிஎக்ஸ் என்ற சுருக்கும் கருவியைக் கொண்டு சுருக்கப்பட்ட சிறு நிரல்களும், தீநிரல்கள் கையாளும் அதே உத்திகளைக் கையாள்வதால் அடிக்கடி இவ்வாறு மாட்டிக்கொள்கின்றன.

தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து பதிவிறக்கிய கோப்பாக இருந்தால், அங்கே வெளியிடப்பட்டுள்ள 64 இலக்க எஸ்எச்ஏ-256 குறியீட்டுடன் (கோப்பின் கைரேகை போன்றது; கோப்பு சற்றே மாறினாலும் இதுவும் மாறிவிடும்) அதனை ஒப்பிடலாம். கோப்புகளைச் சுருக்கும் 7-ஜிப் மென்பொருளை நிறுவியிருப்போருக்கு, கோப்பின் மீது வலது சொடுக்கியதும் வரும் பட்டியலிலேயே இக்குறியீட்டைக் கணக்கிடும் வசதி உள்ளது. அதே குறியீட்டை வைரஸ்டோட்டல் தளத்தின் தேடல் பெட்டியில் ஒட்டினால், அக்கோப்பு ஏற்கெனவே அங்கு சோதிக்கப்பட்டிருக்கும் பட்சத்தில், பல ஆன்டிவைரஸ்களின் முடிவுகள் ஒருசேரக் கிடைக்கும். ஒன்றிரண்டு மட்டும் ‘ஜெனரிக்’, ‘ஹியூரிஸ்டிக்’ போன்ற பொதுப்பெயர்களில் சந்தேகம் தெரிவித்திருந்தால் அது பெரும்பாலும் தவறான எச்சரிக்கையே. பெயர்பெற்ற பல நிறுவனங்கள் ஒரே தீநிரலின் பெயரைச் சுட்டினால் நிறுவவே கூடாது. சொந்த ஆவணங்களை மட்டும் அத்தளத்தில் ஏற்றாதீர்கள். ஏற்றப்படும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களுடன் பகிரப்படுகின்றன.

அந்தரங்கம் குறித்த அச்சம் வேறு வகை. 2021இல் ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியின் தனியுரிமைக் கொள்கை மாறியபோது, அதை உளவு மென்பொருள் என்றே பலர் தூற்றினர் (கொள்கையின் வாசகம் தெளிவற்றிருந்தது என்பதும் உண்மைதான்). புதிய பதிப்பு வந்துள்ளதா என்று இணையத்தில் பார்ப்பதும், பயனர் இசைந்தால் பிழையறிக்கை அனுப்புவதுமே அதில் சேர்க்கப்பட்டிருந்தன. முதலாவதை விருப்பத்தேர்வுகளில் நிறுத்திவிடலாம். ஆனால், புதிய பதிப்புகளை நீங்களே அவ்வப்போது தேடிப் பதிவிறக்க வேண்டியிருக்கும்.