பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுத்து இன்னொரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபது வயது கடந்த ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களை வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்ள நினைப்பவர்கள், எதிர்த்தரப்பு வண்டியை ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி என்னைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் பேச்சு முடிந்து, மனசு அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கூப்பிடுவார்கள். அண்மையில் ஒரு இளைஞர், நான் அந்த வயதில் பேசிய அதே பேச்சைப் பேசினார்: “என் வண்டி அலுத்துப் போச்சுண்ணே. அது வேற மாதிரி இருக்கு.” அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். துருவைப் பாருங்கள், விபத்தில் அடிபட்டதா என்று விசாரியுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

குறைவாக ஓடிய வண்டி என்று மயங்குவது

இருபது வருடத்தில் நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றதும் பலருக்குக் கண் விரிகிறது. எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. நின்றபடியே கிடந்த வண்டியில் ரப்பர் ஹோஸ்கள் வெடித்துப்போகும், ஆயில் சீல்கள் காய்ந்துபோகும், பிரேக் காலிப்பர் பிஸ்டன்கள் இறுகிப்போகும், டாங்கில் கிடந்த பெட்ரோல் பிசினாகி இன்ஜெக்டரை அடைக்கும். எப்போதாவது எடுத்துப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டினால் ஆயிலுக்குள் ஈரம் சேரும். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடி, வருடம் தவறாமல் ஆயில் மாற்றிய பில்லோடு நிற்கும் வண்டியை நான் தயங்காமல் எடுப்பேன். மீட்டரைவிட பில்களில் இருக்கும் தேதிகளைப் படியுங்கள். நடுவில் நான்கைந்து வருடம் ஒன்றுமே இல்லை என்றால் அந்த இடைவெளியில் வண்டி எங்கே இருந்தது என்று கேளுங்கள்.

சூடான எஞ்சினைக் கேட்டுவிட்டுத் திரும்புவது

போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடான எஞ்சினில், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது கேட்கும் சத்தங்கள் மறைந்துபோகும். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

செலவு முடிந்த வண்டியைக் கொடுத்து, செலவு தொடங்காத வண்டியை வாங்குவது

எத்தனை பேரிடம் சொன்னாலும் நிற்காத தவறு இது. இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவதும் இதுதான்.

இந்த வயது வண்டி ஒவ்வொன்றுக்கும் ஊரறிந்த நோய் உண்டு. பிஎம்டபிள்யூ ஈ46 எம்3 என்றால் கனெக்டிங் ராடு பேரிங், வானோஸ் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு), பின் சப்ஃபிரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) பிடித்திருக்கும் இடத்தில் தரைத் தகட்டில் விழும் விரிசல். போர்ஷேயில் முதல் பாக்ஸ்டரான 986, அதே காலத்து 911-ஆன 996 என்றால் எஞ்சினுக்குள் இடைத்தண்டைத் தாங்கும் ஐஎம்எஸ் பேரிங். ஆல்ஃபா ரோமியோவின் பழைய வி6, முதல் தலைமுறை ஆடி டிடியின் 1.8 டர்போ என்றால் டைமிங் பெல்ட். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். ஃபெராரி எஃப்355-இல் பெல்ட் மாற்றவே எஞ்சினை வெளியே இறக்க வேண்டும். 1999-இல் வந்த 360-இல்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான் ஒருவர் முதல் வண்டியை வாங்குகிறார். இரண்டு மூன்று வருடம் பிடித்து ஒவ்வொன்றாகச் சரிசெய்கிறார். கடைசி பில்லைக் கட்டும் நேரத்தில் மனசு வண்டியை விட்டு விலகிவிடுகிறது. காசு போன வருத்தம் நிற்கிறது, வண்டி சரியாகிவிட்டது என்ற நிம்மதி நிற்பதில்லை. அடுத்தவர் வண்டி கண்ணில் படுவது சரியாக அப்போதுதான். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சும்மாவா சொன்னார்கள்.

மேலே சொன்ன இளைஞரிடம் இருந்தது ஒரு ஈ46 எம்3. ராடு பேரிங் மாற்றியாயிற்று. பின்பக்கத் தரைக்கு அடியில் தகடு வைத்து வெல்டிங் செய்தாயிற்று. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ்கள் எல்லாம் புதிது. இனி ஆயிலும் பெட்ரோலும் போட்டு ஓட்ட வேண்டியதுதான் பாக்கி. அதைக் கொடுத்துவிட்டு இன்னொரு ஜெர்மன் வண்டியை, மேலே காசு எதுவும் இல்லாமல், சமத்துக்குச் சமமாக வாங்குவதாகப் பேசியிருந்தார். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். “அவர் என் வண்டியைப் பார்க்கவே இல்லைண்ணே. நான் மட்டும் ஏத்திப் பார்க்கணும்னு சொன்னா மரியாதையா இருக்காது” என்றார்.

காசு கொடுத்து வாங்கும்போது இதே மனிதர் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார், கம்ப்ரஷன் பார்த்திருப்பார், விலையில் கறாராக நின்றிருப்பார். மாற்றிக்கொள்ளும்போது மட்டும் பணம் கண்ணில் படாததால் எச்சரிக்கை போய்விடுகிறது. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இங்கே யாரும் யாருக்கும் தானம் கொடுக்கவில்லை. ஒரு முழு வண்டியை விலையாகக் கொடுக்கிறீர்கள்.

நான் சொல்லியும் மாற்றிக்கொண்டார். கொஞ்ச நாளிலேயே கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால் ஆயிலை வடித்து, ஃபில்டரை வெட்டிப் பார்த்தோம். ஃபில்டர் காகிதத்தின் மடிப்புகளை விரித்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்தால், மடிப்புக்கு மடிப்பு பொடிப் பொடியாக மின்னியது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனோம். ஒன்றும் அசையவில்லை. ஒட்டியிருந்தால் எஃகு. ஒட்டாமல் மின்னுகிற பொடி பெரும்பாலும் பேரிங்கின் மேல் பூச்சு, இல்லையென்றால் அலுமினியம். கிளட்சுக்கு என்று வந்த வண்டிக்கு எஞ்சினையே பிரிக்க வேண்டியதாயிற்று. அவருடைய எம்3 இன்னொருவர் கையில் இப்போதும் நன்றாக ஓடுகிறது. அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. ஒரு ஃபில்டரை வெட்ட அரை மணி நேரம்கூட ஆகாது. மாற்றிக்கொள்வதற்கு முன்னால் வெட்டியிருந்தால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும்.

சமமா இல்லையா என்பதை எப்படிப் பார்ப்பது? நான் செய்யச் சொல்வது இது. இரண்டு வண்டிக்கும் தனித்தனித் தாள் எடுத்து, அந்த மாடலுக்கு உள்ள பெரிய வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே, பில்லோடு முடிந்ததா, பாக்கியா, தெரியாதா என்று குறியுங்கள். தெரியாது என்பதைப் பாக்கி என்றே எண்ணிக்கொள்ளுங்கள். “முன்னாடி வச்சிருந்தவர் மாத்திட்டதா சொன்னார்” என்பதும் தெரியாது கணக்குதான். பாக்கி வேலைகளுக்கு ஆகும் செலவைக் கூட்டி, அந்த வண்டியின் சந்தை விலையிலிருந்து கழியுங்கள். சமம் என்று பேசிய இரண்டு வண்டிகளுக்கும் நடுவே எவ்வளவு பள்ளம் இருக்கிறது என்று அப்போது தெரியும். அந்தப் பள்ளத்தைக் கேட்டு வாங்குங்கள். தரமாட்டார் என்றால் உங்கள் வண்டியிலேயே வீட்டுக்கு வாருங்கள்.

தாளில் என்ன எழுதுவது என்பதற்கு மாடல் பெயர் மட்டும் போதாது. 996-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண 996-இல் ஐஎம்எஸ் பேரிங் கவலை உண்டு. 996 டர்போவிலும் ஜிடி3-இலும் இருப்பது வேறு வம்சத்து எஞ்சின், அங்கே இந்தக் கவலை இல்லை. 2006 முதல் 2008 வரையிலான 911, பாக்ஸ்டர்களில் பேரிங் பெரியது, உறுதியும் கூடுதல், ஆனால் எஞ்சின் உறையைப் பிளக்காமல் வெளியே வராது. 2009 மாடலில் வந்த எஞ்சினில் அந்த இடைத்தண்டே இல்லை. பழைய பேரிங் சீல் வைத்தது. சீல் தளர்ந்து எஞ்சின் ஆயில் உள்ளே போனால் கிரீஸ் கழுவப்பட்டுவிடும். எல்லா வண்டியிலும் இது உடைவதில்லை. உடைந்த வண்டியில் எஞ்சினே போய்விடுகிறது என்பதால்தான் இவ்வளவு பேச்சு. அந்தப் பேரிங்கைத் தொட கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்ச் மாற்றவும் இறக்க வேண்டும். ஆகவே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “கடைசியாகக் கிளட்ச் மாற்றியபோது பேரிங்கையும் பின் ஆயில் சீலையும் மாற்றினீர்களா, பில் இருக்கிறதா?” கிளட்ச் புதிது, பேரிங் பழையது என்று பதில் வந்தால், செய்தவர் காசை மிச்சம் பிடித்திருக்கிறார், அந்த மிச்சத்தை நீங்கள் கட்டப்போகிறீர்கள்.

கூரை திறக்கும் வண்டியில் தரைவிரிப்பைத் தூக்காமல் விடுவது

கூரை அழகாகத் திறந்து மூடுவதை இரண்டு முறை பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். கையை இருக்கைக்கு அடியில் விட்டு, விரிப்புக்குக் கீழே உள்ள பஞ்சை அழுத்திப் பாருங்கள். 986 பாக்ஸ்டரில் கூரையோரம் தண்ணீர் வடியும் துளைகள் இலை தழையால் அடைபட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி இருக்கைக்கு அடியில் தேங்கும். இம்மொபிலைசரையும் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) கதவுப் பூட்டையும் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோல் யூனிட் இருப்பதும் அங்கேதான். மேலே விரிப்பு காய்ந்திருக்கும், அடியில் பஞ்சு ஊறியிருக்கும். மெர்சிடிஸ் எஸ்எல் ஆர்129 என்றால் முன்கண்ணாடிக்கு மேலே, சன்வைசர் இருக்கும் பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். கூரைப் பூட்டின் ஹைட்ராலிக் சிலிண்டர் கசிந்தால் எண்ணெய் அங்கே தெரியும்.

டயரின் பட்டனை (தரையைத் தொடும் ரப்பர் வரிகளை) மட்டும் பார்ப்பது

பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பத்து வருடம் தாண்டியதைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றுங்கள்.

வந்த மாதமே எக்ஸாஸ்ட் மாற்றுவது

வேண்டாம். முதலில் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், பெல்ட்.

சாவியை முதலில் நீட்டுவது

இரண்டு வண்டியின் உரிமை மாற்றமும் ஒரே நாளில், ஒரே மேசையில் நடக்கட்டும். எதிர்த்தரப்பு வண்டியின் மேல் கடன் பாக்கி இருந்தால், அது அடைந்ததற்கான கடிதம் வரும்வரை உங்கள் சாவி உங்கள் பையிலேயே இருக்கட்டும். புது வண்டிக்கு உங்கள் பெயரில் இன்சூரன்ஸ் தொடங்கும் நேரத்தையும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள், வீட்டுக்கு ஓட்டிவரும் பயணமும் அதில் அடங்க வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் கேட்டு வாங்க வேண்டியவை: இரண்டாவது சாவி, ரேடியோவின் ரகசிய எண், பில் கட்டு முழுவதும். சக்கரத்தின் லாக் நட்டைக் கழற்றும் அடாப்டரையும் கையில் வாங்கி, ஒரு நட்டில் பொருத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.