பதறாமல் பால் மறக்கடிப்பது எப்படி?

ஆறு மாதத்துக்குப் பின் இணை உணவோடு 2 வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்றே உலக சுகாதார நிறுவனம் கூறுவதால், ‘இன்னுமா கொடுக்கிறாய்?’ என்று உறவினர் கேட்பதற்காக நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்துவதென்று நீங்களே முடிவெடுத்தால், வேப்பிலையை அரைத்துத் தடவி ஒரே நாளில் விலக்காதீர்கள். அந்தக் கசப்பில் முகம் சுளித்த என் மகள், முந்தானையை விடாமல் பிடித்தபடி விம்மியதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. முதலில் பகலில் ஒரு வேளையை மட்டும் குறைத்து, அந்நேரத்தில் வாழைப்பழமோ இட்லியோ கொடுத்து, சில நாள் கழித்தே அடுத்த வேளையைக் குறையுங்கள். உறங்கும்முன் கேட்கும் பாலைக் கடைசியாக நிறுத்தி, அப்போது மடியில் கிடத்தி முதுகைத் தட்டிக்கொடுங்கள். பால் கட்டிக்கொண்டால், கனம் குறையும் அளவுக்கு மட்டும் பீய்ச்சிவிடுங்கள். மார்பு சிவந்து காய்ச்சலும் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லாத வாரத்தில் இதைத் தொடங்கவே வேண்டாம்.