எஃப் கிளாஸ் கம்பியும் ஈரக் கட்டைவிரலும்

கிருஷ்ணகிரியில் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றும் என் ரீவைண்டிங் கடைக்கு வேலை பழக வரும் பையன்கள், நான் இருபது வருடத்துக்கு முன் செய்த தவறுகளையே அச்சு மாறாமல் செய்கிறார்கள். கரண்ட்டை அணைக்காமல் கை வைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

கிளாஸ் எழுத்தை நம்புவது

போன வாரம் ஒருவன் 230 வோல்ட்டை 24 ஆகக் குறைத்து மெஷின் பட்டன்களுக்குக் கொடுக்கும் கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக்கொண்டிருந்தான். 230 வரும் பிரைமரி சுற்றுக்கும் 24 போகும் செகண்டரி சுற்றுக்கும் நடுவே ஒரே ஒரு சுற்று இன்சுலேஷன் டேப். கேட்டால், "எஃப் கிளாஸ் கம்பிண்ணே, ஒண்ணும் ஆகாது." சுருக்கென்றது. நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னேன்.

அந்த கிளாஸ் எழுத்து, இன்சுலேஷன் எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கு மட்டும்தான். ஏ என்றால் 105 டிகிரி, இ 120, பி 130, எஃப் 155, எச் 180. அதுவும் உள்ளே அதிகம் கொதிக்கும் இடத்தின் கணக்கு. சித்திரையில் தகரப் பெட்டிக்குள் 50 டிகிரி என்றால் அதன் மேல்தான் மற்ற சூடெல்லாம் ஏறும். கம்பி எஃப், நடுவில் வைத்த காகிதம் ஏ என்றால் மொத்தமும் ஏதான். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே எத்தனை வோல்ட் தாங்கும் என்று அது சொல்லவே சொல்லாது.

காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்கு இதேபோல ஆறு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக் கொடுத்தேன். கம்பி சுற்றும் பாபின் கூட்டில் இடம் போதவில்லை, நடு இன்சுலேஷனைக் குறைத்தேன். இன்சுலேஷன் அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் முள் இன்ஃபினிட்டியில் நின்றது. சரி என்று அனுப்பிவிட்டேன். இரண்டாவது சீசனில், தரை கழுவிய ஈரக்கையோடு 24 வோல்ட் பட்டனை அழுத்தியவர் தூக்கியெறியப்பட்டார். நல்லவேளை, பிழைத்தார். பிரித்துப் பார்த்தால் டேப் ஓரத்தில் நூலளவு இடைவெளி. செகண்டரி முதல் அடுக்கின் ஓரச் சுற்று அதில் சரிந்து பிரைமரி மேல் உட்கார்ந்து, கம்பி மேல் உள்ள எனாமல் பூச்சு கருகியிருந்தது. செகண்டரியின் ஒரு முனையை எர்த் செய்திருந்தால் அப்போதே ஃப்யூஸ் போயிருக்கும். செய்யவில்லை, 24 வோல்ட் ஒயரில் 230 சத்தமில்லாமல் நின்றிருக்கிறது. ஆறையும் சொந்தக் காசில் மறுபடி சுற்றினேன். அப்புறம் அந்த ஆலையிலிருந்து கூப்பிடவே இல்லை.

இப்போது பாலியஸ்டர் ஷீட்டை பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, ஓரத்தைக் கத்தரியால் கொத்தி, பாபினின் பக்கச் சுவரோடு மேலே மடித்து மூன்று சுற்று. இடமில்லையா, நடுத்தடுப்புள்ள பாபின். மெக்கரோடு விடாமல், ஓசூருக்கு அனுப்பியாவது, அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷன் தாங்குகிறதா என்று பார்க்கும் ஹைபாட் டெஸ்ட்.

ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்

உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஒரே வைண்டிங். ஐசோலேஷன், அதாவது இரண்டுக்கும் நடுவே பிரிப்பு, கிடையாது.

ஃப்யூஸ்

பிரைமரியில். ஸ்லோ ப்ளோ, கொஞ்சம் தாமதித்துப் போகும் வகை.

வார்னிஷ்

சுற்றிய கம்பிக்குப் போட்ட வார்னிஷ் காய்வதற்கு முன் டெலிவரி கேட்கும் கஸ்டமரை டீக்கடைக்கு அனுப்புங்கள்.