மாத்திரை இல்லாத அந்த ஏழு நாள்: எங்கே கோட்டை விடுகிறார்கள்

கருத்தடை மாத்திரையைத் தினமும் மறக்காமல் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ஆலோசனைக்கு வரும் புதுப் பெண்கள் தடுக்கி விழும் இடம் வேறு. 21 நாள் ஒழுங்காகப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் ஏழு நாளில்தான் கணக்கு தப்புகிறது.

இடைவெளி வாரத்தில் பாதுகாப்பு உண்டா? உண்டு. மாலா-என், மாலா-டி கருத்தடை மாத்திரை அட்டைகளில் ஹார்மோன் இருப்பது 21 வெள்ளை மாத்திரைகளில் மட்டும்தான், அடர் நிறத்தில் இருக்கும் மீதி ஏழும் இரும்புச்சத்து. முந்தைய 21-ஐயும் விடாமல் போட்டிருந்து, எட்டாம் நாள் அடுத்த அட்டையைத் தொடங்கினால் அந்த ஏழு நாளும் பாதுகாப்பானவை. இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால்தான். ஆனால் இரண்டாவதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ரத்தப்போக்கு நிற்கட்டும் என்று காத்திருப்பது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இதுதான். இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர், "ஒரு மாத்திரைகூட விடல சிஸ்டர், எப்படி இப்படி ஆச்சு?" என்று அழுதார். அவர் சொன்னது உண்மைதான். அடுத்த அட்டையை என்றைக்கு ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன். "பீரியட்ஸ் நின்னு, தலைக்குக் குளிச்சப்புறம்" என்றார்.

கணக்குப் பாருங்கள். சனிக்கிழமை கடைசி மாத்திரை, புதன்கிழமை ரத்தப்போக்கு, திங்கள் வரை நீடிக்கிறது, செவ்வாய்க்கிழமை புது அட்டை. ஏழு நாள் இடைவெளி ஒன்பதாகிவிட்டது, அவர் மனதிலோ ஒரு நாள்கூடத் தவறவில்லை.

மாத்திரையின் ஹார்மோன் மூளையிலிருந்து கருப்பைக்கு அருகிலுள்ள சினைப்பைக்குப் போகும் உத்தரவை அடக்கி வைக்கிறது. அதை நிறுத்தியதும் அடக்கம் தளர்ந்து, சினைப்பை மெல்ல விழித்துக்கொள்கிறது, ஏழாம் நாளில் சிலருக்கு முட்டை வளரவே தொடங்கியிருக்கும். புது அட்டையின் முதல் ஏழு மாத்திரைகள்தான் அதை மறுபடி அடக்குகின்றன. அதனால் 28 நாளில் ஒரு மாத்திரை தள்ளிப்போகவே கூடாத இடம் எது என்றால், அட்டையின் முதல் மாத்திரைதான்.

இந்தக் குழப்பம் வருவதற்குக் காரணம், முதல் அட்டையைப் பீரியட்ஸ் வந்த ஐந்தாம் நாளுக்குள் தொடங்கச் சொல்கிறோம். அந்த அறிவுரை முதல் அட்டைக்கு மட்டும்தான் என்பதைச் சொல்லாமல் அட்டையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பிசிஓடி-க்கு (சினைப்பை நீர்க்கட்டி) எழுதித் தரும் 21 மாத்திரை அட்டைகளிலும் இதே கதை, அதில் நாள் எண்ண இரும்பு மாத்திரைகூட இருக்காது.

கிழமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் அட்டை ஞாயிறு தொடங்கினால் வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு அட்டையும் ஞாயிறுதான். ரத்தம் வந்துகொண்டிருந்தாலும் சரி, வராமலே போனாலும் சரி.

இரண்டு நாளோ அதற்கு மேலோ தாமதமாகிவிட்டதா? உடனே தொடங்குங்கள், ஏழு மாத்திரை தொடர்ந்து போடும்வரை ஆணுறை கட்டாயம். இடைவெளியில் உறவு இருந்திருந்தால் அவசர கருத்தடை மாத்திரை தேவையா என்று அன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள், தாமதமாக ஆக அதன் பலன் குறையும்.

சரியாகப் போட்டால் ஒரு வருஷத்தில் 1,000 பெண்களில் சுமார் 3 பேருக்குத்தான் கர்ப்பம் தங்கும். நடைமுறையில் அது 100-க்கு சுமார் 7. இப்படித் தாமதமாகத் தொடங்கிய அட்டைகளுக்கும் அந்த வித்தியாசத்தில் பங்கு உண்டு.

மூன்றாம் வாரத்தில் விட்டுவிட்டு, இடைவெளியும் எடுப்பது

கடைசி வாரத்தில் இரண்டு, மூன்று மாத்திரை தொடர்ந்து விட்டுப்போனால், அந்த மாதம் இடைவெளியே வேண்டாம். மீதி வெள்ளை மாத்திரைகளை முடித்து மறுநாளே புது அட்டை, ஏழு நாள் ஆணுறையும் சேர்த்து. "அப்போ பீரியட்ஸ் வராதே, ரத்தம் உள்ளே தேங்கிடாதா?" என்று கேட்பார்கள். தேங்காது. இடைவெளியில் வருவது ஹார்மோன் நின்றதால் வரும் ரத்தப்போக்கு மட்டுமே. அந்த இடைவெளி உடம்புக்குத் தேவையும் இல்லை, அதைத் தவிர்ப்பதால் கெடுதலும் இல்லை.

இரும்பு மாத்திரையைத் தூக்கிப் போடுவது

நாள் கணக்கு போய்விடும். அதையும் விழுங்குங்கள்.

டிபி மருந்தோடு இதையும் நம்புவது

டிபிக்குத் தரும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து இந்த ஹார்மோனைச் சீக்கிரம் உடைத்துவிடும். இடைவெளி வாரம் மட்டுமல்ல, எந்த வாரமும் பாதுகாப்பில்லை. வேறு வழி கேளுங்கள்.

இடைவெளி வாரத்தில் "இனி மாத்திரை வேண்டாம்" என்று முடிவெடுப்பது

அந்த வாரத்து உறவுக்கும் பாதுகாப்பு போய்விடும். விந்தணு உடம்புக்குள் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும்.

ரத்தம் வந்ததை கர்ப்பமில்லை என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்வது

மாத்திரை விட்டுப்போன மாதத்தில் கொஞ்சமாக ரத்தம் பட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அப்புறம், ஒழுங்காகப் போட்டும் இரண்டு மாதம் தொடர்ந்து ரத்தப்போக்கு வரவில்லை என்றால் காலை முதல் சிறுநீரில் கார்டு டெஸ்ட் செய்துவிடுங்கள், ரிசல்ட் தெரியும்வரை புது அட்டையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.