இறக்கிய காரில் 'டக்' சத்தம்: காரணம் ஷாக் இல்லை

தினமும் ஓட்டும் காரில், வண்டியின் உயரத்தை 30 மி.மீ. இறக்கும் குட்டை ஸ்பிரிங் போட்டேன். பழைய ஷாக்கோடு (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) வண்டி படகு மாதிரி ஆடியது. சரி என்று குட்டை ஸ்பிரிங்குக்கென்றே வரும் ஷாக் வாங்கி ஒர்க்‌ஷாப்பில் மாட்டினேன். ஆட்டம் நின்றது, ஆனால் சின்னப் பள்ளத்திலும் 'டக்' என்று அடி. சஸ்பென்ஷனின் மற்ற பாகங்களான லிங்க் ராட், டாப் மவுண்ட் மாற்றியதில் நான்கு நாள் வீண்.

அப்புறம் ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க, டஸ்ட் கவரைத் (தூசி படாமல் ராடை மூடும் உறை) தூக்கி, ஷாக் ராடின் அடியில் ஒரு ஜிப் டை (பிளாஸ்டிக் கட்டு) கட்டி ஓட்டினேன். வந்து பார்த்தால் டை மேலே பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுதாக அமுங்கும்போது அடியைத் தாங்கும் மெத்தை) ஒட்டி நின்றது. வண்டி சும்மா நிற்கும்போதே ஷாக்கின் உடலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் இடைவெளி 10 மி.மீ.தான்! பழைய பம்ப் ஸ்டாப்பை முழு நீளத்தில் அப்படியே மாட்டியிருந்தார்கள். ஸ்பிரிங்கோடு வந்த தாளில் சொன்ன அளவுக்கு வெட்டியதும் சத்தம் போனது. பெரிய நிம்மதி. பம்ப் ஸ்டாப்பை முழுவதும் எடுத்துவிடாதீர்கள். அடி நேராக ஷாக்கின் உள்ளே இறங்கும்.