லடாக் தண்ணீர்க் கணக்கு: நாம் எங்கே தப்பு செய்கிறோம்

லே நகரத்திலிருந்து வண்டியில் கொஞ்ச நேரம் இறங்கினால் சிந்து நதி. கோடையில் கலங்கலாக, வேகமாக ஓடும். அதைப் பார்த்துவிட்டு மேலே திரும்பி வந்தால் விடுதி வாசலில் தண்ணீர் லாரி நிற்கும். "இவ்வளவு பெரிய ஆறு பக்கத்தில் ஓடும்போது எதற்கு லாரி?" என்று கேட்காத பயணி குறைவு.

ஆறு பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் பள்ளத்தில் இருக்கிறது. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்க, நதி அதைவிட 200 மீட்டருக்கு மேல் கீழே ஓடுகிறது. மின்சாரம் வைத்து ஏற்றலாம், ஏற்றுகிறார்கள்தான். ஆனால் குளிர்காலத்தில் இரவு வெப்பம் மைனஸ் 20 டிகிரிக்குப் போகும் ஊரில் குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும். லடாக்கின் பெரும்பாலான கிராமங்களுக்குச் சோறு போடுவது சிந்து நதி அல்ல. ஊருக்கு மேலே மலையிலிருந்து இறங்கி வரும் சின்ன ஓடைதான். அந்த ஓடையின் தலைமாட்டில் பனியாறு (கோடையிலும் முழுதாகக் கரையாத பெரிய பனிக்கட்டித் திரள்) இருக்கிறதா, வெறும் குளிர்காலப் பனிதானா என்பதைப் பொறுத்து அடுத்தடுத்த ஊர்களின் தலையெழுத்தே மாறும். லடாக்கின் ஸன்ஸ்கார் பகுதியில் குமிக் என்ற பழைய ஊர் பனிப்பொழிவை மட்டும் நம்பியிருந்தது. பனி குறைந்தது, ஓடை வற்றியது. வேறு வழியில்லாமல் அந்த மக்கள் கீழே ஆற்றோரத்தில் மர்தாங் என்ற இடத்தில் புதிதாக வீடு கட்டத் தொடங்கினார்கள்.

அடுத்த தவறு, வருடக் கணக்கு. லேயில் மழையும் பனியும் சேர்த்து வருடத்துக்கு ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். சென்னைக்கு 1,400. இந்த எண்ணைச் சொன்னதும் "அளவு பத்தவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறோம். விவசாயியைக் கேட்டால் அவர் தேதியைச் சொல்வார். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பார்லிக்குத் தண்ணீர் வேண்டும். அதற்குள் தாழ்வான சரிவுகளில் இருந்த பனி கரைந்து ஓடிவிட்டிருக்கும். உச்சியில் இருக்கும் பனியாறு நன்றாக உருகவோ ஜூன் ஆகிவிடும். இடையில் வரும் அந்தச் சில வாரங்கள்தான் பஞ்ச காலம். பல ஊர்களில் வருடத்துக்கு ஒரே ஒரு போகம். அதனால் முதல் தண்ணீர் தவறினால் அந்த வருடமே போயிற்று. அதனால்தான் ஊருக்கு ஊர் 'சுர்போன்' என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள். யார் வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் திருப்பிவிடுபவர் அவர். நம் பக்கத்துக் கண்மாய்களில் நீர்பாய்ச்சி செய்கிற அதே வேலை. இரவில் வரும் தண்ணீர் வீணாகாமல் இருக்க 'ஸிங்' என்ற சின்னக் குளத்தில் தேக்கிக் காலையில் திறந்துவிடுகிறார்கள்.

ஒரு நாளுக்குள்ளேயே கணக்கு மாறும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. காலை ஏழு மணிக்குக் கல்லிலிருந்து கல்லுக்குத் தாவிக் கடந்த ஓடை, வெயில் ஏறிப் பனி உருகிய பிறகு, சாயங்காலம் தொடை வரை இழுக்கும். காலையில் கேட்காத சத்தம் அப்போது கேட்கும், அடியில் கற்கள் உருண்டு மோதும் சத்தம். மலையேறப் போகிறவர்கள் ஓடை கடக்கும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். நண்பகலில் ஒரு தடவை அளந்துவிட்டு "இந்த ஓடையில் இவ்வளவு வரும்" என்று எழுதிவைப்பதும் இதே தவறுதான்.

செயற்கைப் பனியாறுகள் புதுத் தண்ணீர் தரும் என்றும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. செவாங் நோர்பெல் என்ற பொறியாளர் 1980-களிலேயே, குளிர்காலத்தில் சும்மா ஓடிப்போகும் ஓடைத் தண்ணீரை நிழலான சரிவுக்குத் திருப்பி, கல் தடுப்புகளுக்குப் பின்னால் அடுக்கடுக்காக உறையவைத்தார். லடாக்கைச் சேர்ந்த இன்னொரு பொறியாளர் சோனம் வாங்சுக் 2013-இல் தொடங்கி அதையே கூம்பாக நிமிர்த்தினார். மேட்டிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் தன் அழுத்தத்திலேயே பீய்ச்சி அடித்து, காற்றிலேயே உறைந்து கோபுரமாக எழும். கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவு, அதனால் வசந்தம் வரை நிற்கும். அற்புதமான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் இது புதுத் தண்ணீர் தருவதில்லை. ஜனவரித் தண்ணீரை மே மாதத்துக்குத் தள்ளிவைக்கிறது, அவ்வளவுதான். ஓடையே வற்றிய ஊரில் உறையவைக்க எதுவும் இருக்காது. நடுக்கும் இரவில் உறைந்துபோன குழாயைச் சரிசெய்ய ஆட்களும் வேண்டும்.

"இந்த வருடம் ஓடையில் நிறையத் தண்ணீர், அப்படியானால் பனியாறு நன்றாக இருக்கிறது" என்பது இன்னொன்று. சுருங்கும் பனியாறு சில காலம் கூடுதலாகத்தான் தண்ணீர் விடும். அது வட்டி இல்லை, முதலே கரைகிறது.

மழை இல்லாத ஊர்தானே என்று ஓடைப்படுகையில் வீடு கட்டுவது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. 2010 ஆகஸ்ட் 5 இரவு லேயில் கொட்டிய மழையில் சேறும் பாறையும் இறங்கி 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

சரி, அங்கே போகிற நாம் என்ன செய்யலாம்? விடுதிகள் பெருகப் பெருக ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. அவற்றுக்குப் பக்கத்திலேயே கழிவுக் குழிகளும் பெருகின. சரளை மண்ணில் கழிவு சுலபமாகக் கீழே இறங்கிவிடும். அறை எடுக்கும்போது லடாக்கி உலர் கழிப்பறை இருக்கிறதா என்று கேளுங்கள். தரையில் ஒரு துவாரம், ஓரத்தில் மண் குவியல், ஒரு மண்வெட்டி. முடித்ததும் மண்ணும் சாம்பலும் கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும், நாற்றம் தெரியாது. ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. கீழே அறையில் மக்கிக் கிடப்பதை வசந்தத்தில் அள்ளிக்கொண்டுபோய் பார்லி வயலில் கொட்டுவார்கள்.